மிளகு இல்லாத மீன்

இருபத்தொன்பது வருஷத்தில் என் அம்மா எனக்கு மீனில் முள் எடுத்துக் கொடுத்ததாக ஞாபகமே இல்லை. பனையேறிக் கெண்டையைப் பொரித்துத் தட்டில் போட்டுவிட்டு, "பாத்துத் தின்னு, தொண்டையில மாட்டினா என்கிட்ட வராத" என்பாள். அவ்வளவுதான் அவள் உபசாரம். அப்படிப்பட்டவள் அன்று முப்பத்திரண்டு வயதுப் பெண் ஒருத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சாப்பிடும் குச்சியின் நுனியால் ஒவ்வொரு முள்ளாக எடுத்து, வெள்ளைச் சதையை மட்டும் அவள் கிண்ணத்துச் சோற்றின்மேல் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கிண்ணத்தில் வால்.

"மூணு, அவள நல்லா சாப்பிடச் சொல்லு" என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமலே.

மூணு நான்தான். ஆபீஸ் காகிதங்களில் லியூ, வீட்டில் மூணு. வியட்நாமின் தெற்கே, எங்கள் ஆற்றுப் பக்கத்தில் மூத்த பிள்ளையை ரெண்டு என்றுதான் கூப்பிடுவோம். ஒண்ணு என்று யாரையும் கூப்பிடுவதில்லை. தலைச்சன் பிள்ளை எது என்று பேய்களுக்குத் தெரியக் கூடாதாம். அடுத்தது மூணு, அதற்கடுத்தது நாலு. என் அம்மா அவள் பிறந்த வீட்டில் ஆறு. பக்கத்து வீட்டுச் சித்தி ஏழு. நான் எங்கள் வீட்டில் ஒரே பிள்ளை, ஆனால் மூணு. இந்தக் கணக்கு எங்கேயோ உதைக்கிறது என்று ஏழு வயதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ரெண்டு எங்கம்மா?" என்று கேட்டால், "போய் வாத்துக்குத் தவிடு வை" என்பாள். அப்பா செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடுவார். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது, கடைசி வரைக்கும் வாயே திறக்கவில்லை. ரெண்டு செத்துப்போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் திதி அன்று செத்தவர்களுக்கு வைக்கும் சோற்றுக் கிண்ணங்களில் அவளுக்கென்று அம்மா ஒன்று வைத்ததே இல்லை. அந்தச் சந்தேகம் மட்டும் எனக்குள் கிடந்தது.

போன மழைக்காலத்தில் ஸ்வீடனிலிருந்து ஊர் ஆபீஸுக்கு ஒரு கடிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். சா டெக் பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவள் நான். ஊரில் இங்கிலீஷ் என்றால் மூணுதான். 'கைக்குழந்தையாக இருந்தபோது என்னைத் தத்துக் கொடுத்தார்கள். காகிதத்தில் என் தாயின் பெயரும் இந்த ஊரின் பெயரும் இருக்கின்றன. அவர் இருக்கிறாரா?' இவ்வளவுதான் கடிதம். வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா சாமந்தித் தொட்டிகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். மண் கையோடு கடிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "ரெண்டு" என்றாள். அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் எனக்கு.

இதோ வந்துவிட்டாள், வருஷப் பிறப்புக்கு இருபது நாள் இருக்கும்போது. பெயர் மாலின். வியட்நாமுக்கு வருவது இதுதான் முதல் தடவை. வடக்கே ஒரு வாரம் சுற்றிவிட்டு, எங்களோடு ஐந்து நாள் இருப்பதாகத் திட்டம். கையில் ஒரு வழிகாட்டிப் புத்தகம், அதன் முதல் பக்கத்தில் பேனாவால் எழுதிய ஒரு பட்டியல். எதையாவது பார்த்தாலோ தின்றாலோ புத்தகத்தைத் திறந்து ஒரு டிக் போடுவாள். பார்க்கிற எல்லாவற்றுக்கும் ஒரு "ஓ!". காலை நூடுல்ஸுக்கு ஓ. வலைத் தூளிக்கு ஓ. வாத்துக் கூட்டத்துக்கு ஓ, ஓ. கக்கூஸுக்குப் போகிற ஒற்றை மூங்கில் பாலத்துக்கும் ஒரு ஓவும் நாலு போட்டோவும். நான் அந்தப் பாலத்திலிருந்து மூன்று தடவை வாய்க்காலில் விழுந்திருக்கிறேன். ஒருத்தரும் ஓ என்று சொன்னதில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். முதல் நாள் அவள் வாசலில் வந்து நின்றபோது அம்மா அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, "அழகு! எவ்வளவு அழகு!" என்றாளே, அதுதான் தாங்கவில்லை. என் அம்மாவின் வாயில் அப்படி ஒரு சொல் இருப்பதே எனக்குத் தெரியாது. என்னை அவள் கூப்பிட்டதெல்லாம் வாத்து மூஞ்சி, கரிச்சட்டி. பள்ளிக்கூடக் கடைசி வருஷ விழாவுக்கு வெள்ளை நீள உடுப்பு போட்டு, தலைவாரி, ஆசையாக வந்து அவள் முன்னால் நின்றேன். "பாக்கவே சகிக்கல" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அன்றைக்கு அழுத அழுகை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஏழு சித்தி வேலிக்கு மேலே தலையை நீட்டி எரிகிறதில் எண்ணெய் விட்டாள். "ஆறு, அச்சு அசல் உன் மூக்குடி! சின்னவளுக்குத்தான் பாவம், அப்பன் மூக்கு." பிறகு என்னைப் பார்த்து, "என்ன மூணு, மூஞ்சி புளிச்சாறு மாதிரி இருக்கு? அக்கா வந்திருக்கா, சிரியேன்!"

"சிரிச்சிட்டுத்தான் இருக்கேன் சித்தி. என் மூஞ்சியே இப்படித்தான்."

இரண்டாம் நாள் காலையில் அம்மா அவளைப் பூப் பார்க்கக் கூட்டிப்போனாள். எங்கள் பக்கம் பூந்தொட்டிகள் தரையில் நிற்பதில்லை. தண்ணீரில் மூங்கில் பரண் கட்டி, அதன்மேல் வரிசையாக நிற்கும். நடுவில் உள்ள கால்வாயில் சின்னப் படகை விட்டுக்கொண்டேதான் தண்ணீர் ஊற்ற வேண்டும், மொட்டுக் கிள்ள வேண்டும். நான் துடுப்புப் போட்டேன். அம்மா முன்னால் உட்கார்ந்து வேண்டாத மொட்டுகளைக் கிள்ளினாள். மாலின் நடுவில், அம்மாவின் ஓலைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு. அம்மா வெறுந்தலையோடு. எனக்கு ஒரு நாளாவது அந்தத் தொப்பியைக் கொடுத்திருப்பாளா?

சாமந்தி இரண்டு பக்கமும் மஞ்சளாகப் பொங்கிக்கொண்டிருந்தது. நூறு வரிசை தாண்டியும் ஒரு ஓ கூட வரவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"லியூ, அவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நீதான் கேட்டுச் சொல்லணும்" என்றாள் இங்கிலீஷில். "என்ன ஏன் குடுத்தாங்க? கோவமெல்லாம் இல்ல. தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். இதுக்காகத்தான் நான் வந்ததே."

அம்மா மொட்டுக் கிள்ளுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "என்ன கேக்கறா?"

சத்தியமாகச் சொல்கிறேன், நான் திட்டம் போடவில்லை. அந்தக் கேள்வியை மட்டும் அம்மா கையில் கொடுத்துவிட்டால் அவள் உடைந்து அழுவாள், இரண்டு பேரும் கட்டிக்கொள்வார்கள், அதற்கப்புறம் இந்த வீட்டில் நான் யார்? துடுப்புப் போடுகிறவள். அந்த ஒரு நொடியில் என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நேத்து வச்சியே, சட்டி மீன். அத எப்படிச் செஞ்சேன்னு கேக்கறா."

அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "அடி என் கண்ணே! சொல்லு அவகிட்ட. விரால் மீன்தான் எடுக்கணும். சர்க்கரைய முதல்ல கருக்கணும், தீயக் கூடாது, சிவந்து வரணும். அப்புறம் மீன்சாறு, இளநீர். சின்னத் தீ. மூடியத் திறந்து திறந்து பாக்கக் கூடாது. பொறுமை வேணும். கடைசியில மிளகு, கை நிறைய மிளகு…" கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. மாலின் அந்தக் கண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சுக்கூட விடவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"ரொம்ப நாள் ஆயிடுச்சாம். ஒண்ணும் ஞாபகம் இல்லையாம்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். தொப்பியை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அம்மா பதறிப்போனாள். "ஏன் அழறா? மீனப் பத்திச் சொன்னதுக்கு யாராவது அழுவாங்களா?"

"மிளகு அவளுக்கு ஒத்துக்காதாம். நேத்துத் தின்னதுலேருந்து வயிறு எரியுதாம்."

பொய் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். எனக்கு அது கொஞ்சமும் கிடையாது என்று அன்று மதியமே தெரிந்துவிட்டது. அம்மா வீட்டில் இருந்த மிளகு ஜாடியை ஏழு சித்தி வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். மீனில் மிளகு இல்லை, சூப்பில் மிளகு இல்லை, முட்டையில் இல்லை. மாலினோ மிளகுப் பைத்தியம். முதல் நாள் நூடுல்ஸில் அரை ஜாடியைக் கொட்டியவள். இப்போது சப்பென்று கிடந்ததை மென்று விழுங்கிவிட்டு, "ரொம்ப நல்லாயிருக்கு" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். நானும் அதையேதான் தின்றேன். அடிக்கடி, "மிளகு எங்க?" என்று கேட்க வாய் வரும், அடக்கிக்கொள்வேன்.

மூன்றாம் நாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது அந்தப் புத்தகம் வலைத் தூளியில் கிடந்தது. எடுத்துப் புரட்டினேன். முதல் பக்கத்துப் பட்டியல் அவள் மொழியில் இருந்தது, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசி வரி மட்டும் விளங்கியது. 'மம்மா' என்று எழுதி ஒரு கேள்விக்குறி. அதற்கு ஸ்வீடன் மொழி தெரிய வேண்டியதில்லை.

அதற்கு நேராக டிக் போட்டிருந்தாள். கேட்டாயிற்று, பதில் கிடைத்தாயிற்று, முடிந்தது. புத்தகத்தை மூடி, கிடந்த இடத்திலேயே வைத்தேன். இன்னும் இரண்டு நாள்தானே, போய்விடுவாள், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலாம் நாள் பூ எடுக்க வியாபாரியின் படகு வந்துவிட்டது. அறுநூறு தொட்டி ஏற்ற வேண்டும். அம்மா வரவில்லை. "நீ பாத்துக்க மூணு. நான் ரெண்டுக்கு மீன் செய்யக் கத்துக் குடுக்கறேன். பாவம், ஆசையாக் கேட்டா, நாளைக்குப் போயிடுவா."

என் பொய் என் காலையே வாரிவிட்டது. வேறு என்ன சொல்வது? நான் ஆட்களோடு தொட்டி சுமக்கிறேன்; அவர்கள் இரண்டு பேரும் அடுப்படியில். அந்தச் சட்டிப் பக்கம் என்னை அம்மா விட்டதே கிடையாது. "நீ தொட்டாலே தீஞ்சிடும்" என்பாள். இப்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சர்க்கரையைக் கிளறக் கற்றுக்கொடுக்கிறாள். ஒரு வார்த்தை புரியாமல் இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள், சிரிக்கிறார்கள். நான் எதற்கு? நான் இல்லாமலேதான் எல்லாம் நடக்கிறதே! ஒரு தொட்டியைப் போட்டு உடைத்தேன். வேண்டுமென்றேதான்.

அப்போதுதான் அம்மாவின் குரல் கேட்டது. "மூணு!"

அது அவள் வழக்கமாகக் கூப்பிடும் குரல் இல்லை. மண் கையோடு ஓடினேன். அடுப்பு வெக்கைக்கு மாலின் சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றிவிட்டிருந்தாள். நெஞ்சின் நடுவில், கழுத்துக்குக் கீழேயிருந்து நேராக இறங்கியது ஒரு தழும்பு. வெளுத்துப்போன பழைய தழும்பு. அம்மாவின் விரல் அதன்மேல் இருந்தது. மாலின் அசையாமல் நின்றாள்.

"கேளு" என்றாள் அம்மா. "வலிச்சுதான்னு கேளு. மூடிட்டாங்களான்னு கேளு, முழுசா மூடிட்டாங்களான்னு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவின் கண்ணும் அவள் கண்ணும் ஒரே கண். ஏழு சித்தி மூக்கை மட்டும்தான் பார்த்திருக்கிறாள். மீன் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. இன்னொரு பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது, வாய்தான் வரவில்லை.

"அம்மா, அன்னிக்குப் படகுல அவ மீனப் பத்திக் கேக்கல."

"பின்ன?"

"ஏன் குடுத்தீங்கன்னு கேட்டா. உனக்கு ஞாபகம் இல்லன்னு நான்தான் சொல்லிட்டேன்."

அம்மா கரண்டியை எடுத்து என் மண்டையில் ஒன்று வைத்தாள். நன்றாகவே வைத்தாள். மாலின், "ஓ!" என்று அலறி நடுவில் வந்தாள். அவளிடமும் சொன்னேன், இங்கிலீஷில், தலையைத் தடவிக்கொண்டே. கேள்வியை மாற்றியதைச் சொன்னேன், பதிலை மாற்றியதைச் சொன்னேன். பொறாமை என்ற சொல்லையும் சொன்னேன்.

கேட்டு முடித்து அவள் முதலில் கேட்டது இதுதான். "அப்போ மிளகு?"

"அதுவும் நான்தான்."

"மொதல்ல சொன்னதுக்கு உன்ன மன்னிச்சாலும் மன்னிப்பேன்" என்றாள். "மிளகுக்கு மன்னிக்கவே மாட்டேன்." உதடு சிரிக்கப் பார்த்தது, ஆனால் அழுகைதான் முந்திக்கொண்டது.

அம்மா அடுப்படித் தரையில் உட்கார்ந்தாள். அவளையும் பக்கத்தில் உட்கார வைத்தாள். "நீ நில்லு" என்றாள் என்னிடம். "நான் சொல்றத ஒண்ணு விடாம சொல்லு. ஒரு வார்த்த கொறஞ்சாலும் தோல உரிச்சிடுவேன்."

அவள் சொன்னாள். நான் இங்கிலீஷில் சொன்னேன். அவள் சொல்வதையெல்லாம் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. வேறு வழியில்லை, விடுதியில் மொழிபெயர்க்கும்போது அப்படித்தான் பழக்கம்.

"உனக்கு மூணு மாசம். அழுதா உதடு நீலமாயிடும். நெஞ்சுல ஓட்டைன்னு டாக்டர் சொன்னாரு. அப்போ இங்க எங்கள மாதிரி ஆளுங்களுக்கு அத மூட வழியில்ல. அக்கரையில கன்னியாஸ்திரீங்க வீடு ஒண்ணு இருந்தது. வெளிநாட்டுல ஒரு குடும்பம் இருக்கு, வைத்தியம் பாப்பாங்க, ஆனா பிள்ள அவங்களுக்குத்தான்னாங்க. உங்கப்பா மாட்டவே மாட்டேன்னாரு. நான்தான் கையெழுத்துப் போட்டேன். யாருக்குப் பிள்ளையா இருந்தா என்ன, உசுரோட இருக்கட்டும்னு போட்டேன். அன்னிக்கு அடுப்புல மீன வச்சிட்டு உன்னத் தூக்கிட்டுப் போனேன். வெறுங்கையா திரும்பி வந்தப்போ சட்டி கரியாயிருந்தது. அதத்தான் ரெண்டு பேரும் தின்னோம். ஞாபகம் இல்லையாமே! எத நான் மறந்தேன்?"

மாலின் அம்மாவின் கையை எடுத்துத் தன் தழும்பின்மேல் வைத்துக்கொண்டாள். "மூடிட்டாங்க" என்றாள். "ஓடறேன், நீந்தறேன். வலிச்சது ஞாபகம் இல்ல. நிஜமாவே எனக்கு ஞாபகம் இல்ல." அதை நான் அம்மாவுக்குச் சொன்னேன். வயிற்றெரிச்சல் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள், நான் நினைத்த மாதிரியே, நான் நின்றுகொண்டே பார்த்தேன். எரிந்தது. இது வேறு மாதிரி எரிச்சல், அவ்வளவுதான்.

அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி பேச ஆரம்பித்தாள். மாலினைப் பார்த்துத்தான் பேசினாள், நான் அங்கே இல்லாத மாதிரி.

"எல்லாம் என் வாயால வந்தது. நீ பொறந்ததுலேருந்து அழகு, அழகுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டே திரிஞ்சேன். கண்ணு பட்டுருச்சு. இப்போ உன்கிட்ட தைரியமாச் சொல்லலாம், நீ வேற நாட்டுக்காரி, நம்ம ஊர்ப் பேய் கடல் தாண்டி வராது. ஆனா இவ பொறந்தப்போ வாயத் தச்சுக்கிட்டேன். வாத்துன்னேன், கரின்னேன். வெள்ள உடுப்பு போட்டு வந்து நின்னா பாரு ஒரு நாள், நெஞ்சே நின்னு போச்சு எனக்கு. பாக்கவே சகிக்கலன்னு சொல்லிட்டு அடுப்படியில வந்து அழுதேன். பேய் இவளையும் தூக்கிட்டுப் போயிடக் கூடாதுன்னு. உன்ன விட இவதான் அழகு. இன்னிக்கு வரைக்கும் ஒரு தடவகூடச் சொன்னதில்ல."

சொல்லிவிட்டு நிறுத்தினாள். நான் மொழிபெயர்ப்பதற்காகக் காத்திருந்தாள்.

மாலின் என் பக்கம் திரும்பினாள். "என்ன சொன்னாங்க, லியூ?"

'உன்னைவிட இவள்தான் அழகு' என்று அவளிடம் என் வாயாலேயே சொல்ல வேண்டும். அடுப்பிலிருந்து ஒரு வாடை வந்தது.

"மீன் அடிபிடிக்குதாம்" என்றேன். "போய் சட்டிய இறக்கு, சீக்கிரம்."

அவள் ஓடிப்போய் இறக்கினாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஏழு சித்தி வீட்டுக்கு மிளகு வாங்கப் போனேன்.